ஊஃபர் மாட்டியாச்சு, சத்தம் சரியில்லை: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

மைவி, சாகா, பெஸ்ஸா எந்தக் காரானாலும், கம்பெனி ரேடியோவைக் கழற்றாமல் பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) ஒரு ஊஃபரை (பேஸ் எனும் தாழ்ந்த சத்தத்தைப் பாடும் ஸ்பீக்கரை) மட்டும் சேர்த்துக்கொள்வதுதான் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் வழக்கம். ரேடியோவை மாற்றினால் ஸ்டீயரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யுமோ செய்யாதோ என்ற பயம் ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம். அதில் தப்பில்லை. ஒழுங்காக மாட்டினால் உறுமியின் இழுப்பும் தவிலின் தாழ்ந்த பக்கமான தொப்பியும் தனித்தனியாகக் கேட்கும். சத்தம் கெட்டுப்போனதும், "அண்ணே, ஊஃபர் போயிருச்சு போல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். ஊஃபர் போவது குறைவு. கிரவுண்ட் (காரின் இரும்பில் மாட்டும் மைனஸ்), ஒயர் முனை, ஆம்ப்ளிஃபையரின் கெயின் திருகு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். புதுசு வாங்க ஈப்போவுக்குக் கிளம்பும் முன் மீட்டரை எடுங்கள்.

கீழே வரும் எண்களெல்லாம் ஒரு சாதாரண அமைப்பை வைத்துச் சொன்னவை: 10 அங்குல 4 ஓம் ஊஃபர், 250 வாட் கிளாஸ் டி மோனோ ஆம்ப், பேட்டரியிலிருந்து பூட் வரை 5 மீட்டர் 8 கேஜ் ஒயர், பின்கதவு ஸ்பீக்கர் ஒயரிலிருந்து எடுத்த சிக்னல். சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப் உள்ளேயே உள்ள தட்டையான ஊஃபருக்கும் இதே சோதனைகள் பொருந்தும்.

கையில் வேண்டியவை: டிஜிட்டல் மீட்டர், 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்று, 10 எண் ஸ்பேனா, மணல்தாள், போனில் 50 ஹெர்ட்ஸ், 80 ஹெர்ட்ஸ் டோன் கோப்புகள். ஒயரை வெட்டவோ இணைக்கவோ போகிறீர்கள் என்றால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் அது ஏர்பேக். மீட்டரால்கூட அதைத் தொடக்கூடாது.

இன்னொன்று. கம்பெனி ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதுவும் கிரவுண்ட் இல்லை. ரேடியோ பாடும்போது மீட்டரின் கறுப்புக் குச்சியை பாடி இரும்பில் வைத்து, சிவப்புக் குச்சியால் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் தொட்டால் இரண்டிலுமே 6 வோல்ட் பக்கம் காட்டும். "மைனஸ்தானே" என்று அதைக் கொண்டுபோய் பாடியில் முடுக்கினால் ரேடியோவுக்குள் இருக்கும் ஐசி போய்விடும். ஊஃபர் மாட்டப் போய் ரேடியோவை இழந்தவர்கள் பலர் செய்த தப்பு இதுதான்.

"ஆம்ப் விளக்கே எரியல"

ஆம்ப்பில் மூன்று முனை பார்க்க வேண்டும்: பேட்டரி பிளஸ், கிரவுண்ட், ரிமோட் (ரேடியோவைப் போட்டதும் ஆம்ப்பை எழுப்பும் ஒயர்). சிவப்புக் குச்சி பிளஸில், கறுப்பு கிரவுண்டில். 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் கறுப்புக் குச்சியை மட்டும் எடுத்து, பூட்டில் பெயின்ட் இல்லாத வேறொரு இரும்பில் வையுங்கள். இப்போது 12 காட்டினால் பிளஸ் ஒயர் நல்லது, உங்கள் கிரவுண்ட்தான் கெட்டது. அப்போதும் காட்டாவிட்டால் பேட்டரி பக்கத்துப் பியூஸைப் பாருங்கள். கண்ணாடிப் பியூஸை வெறும் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லக்கூடாது. ஹோல்டரின் இரண்டு முனையிலும் தனித்தனியாக வோல்ட் பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்து ஹோல்டருக்குள் பச்சை பூத்திருப்பது நம் ஊர் ஈரத்துக்குச் சகஜம்.

பியூஸ் எரிந்திருந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள். அந்தப் பியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, ஒயர் தீப்பிடிக்காமல் இருக்க. அதனால்தான் அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கணக்கு எளிது: 250 வாட், கிளாஸ் டி 80 சதவீதத் திறன் என்று வைத்தால் 250 ÷ 0.8 ÷ 13.8, ஏறக்குறைய 23 ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸ் போதும். 8 கேஜ் செம்பு ஒயருக்கு 50 வரை போகலாம்.

"செம்பு" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மலிவு கிட்டில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கையில் எடுத்தால் தடிமனுக்கேற்ற கனம் இருக்காது. ஒரு நூலைக் கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளை தெரியும். அதே தடிமன் செம்பைவிடத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். பயன்படுத்தவே கூடாது என்றில்லை. 8 கேஜ் வேண்டிய இடத்தில் 4 கேஜ் போடுங்கள் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்).

பிளஸும் கிரவுண்டும் சரி, விளக்கு மட்டும் இல்லை என்றால் ரிமோட். ரேடியோவைப் போட்டதும் அங்கே 12 வோல்ட் வர வேண்டும். கம்பெனி ரேடியோவில் இதற்கென ஒயர் பொதுவாக இருக்காது. பியூஸ் பெட்டியில் சாவியை ஏசிசிக்குத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒரு பியூஸிலிருந்து, பியூஸ் டேப் (பியூஸ் இடத்தில் சொருகிக் கிளை ஒயர் எடுக்கும் முனை) போட்டு எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ் பியூஸ்கள் பக்கம் போக வேண்டாம். சில ஆம்ப்களில் "ஆட்டோ" சுவிட்ச் உண்டு. மேலே சொன்ன 6 வோல்ட்டை ஸ்பீக்கர் ஒயரில் பார்த்தே அது விழித்துக்கொள்ளும். நடுவில் லைன் கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்றபடி சிறிதாக்கும் டப்பி) வைத்து ஆர்சிஏ சிக்னல் ஒயர் வழியாகக் கொடுத்தால் அந்த 6 வோல்ட் ஆம்ப்புக்கு வந்து சேராது. "ஆட்டோல போட்டேன், எரியல" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

"விளக்கு எரியுது, சத்தம் இல்ல"

சிக்னலைப் பின்கதவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், ரேடியோவில் ஃபேடர் (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிப்பது) முன்பக்கம் தள்ளியிருக்கிறது. சிரிக்காதீர்கள், அரை நாள் வீணான கதை இது. ஃபேடரை நடுவில் வையுங்கள்.

அதுவும் சரி என்றால் 50 ஹெர்ட்ஸ் டோனைப் பாட விட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பாருங்கள். வோல்ட் வருகிறது, ஊஃபர் அசையவில்லை என்றால் குற்றம் ஒயரிலோ ஊஃபரிலோ. ஊஃபர் ஒயரைக் கழற்றி ஓம் அளந்தால் 4 ஓம் ஊஃபர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். அதுதான் சரி, 4 காட்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. 1 ஓமுக்குக் கீழே என்றால் சுருள் ஒட்டிக்கொண்டது.

வோல்ட்டே வரவில்லை என்றால் சிக்னல் ஒயர். எந்த ஒயர் எந்த ஸ்பீக்கருக்கு என்பதை நிறத்தை நம்பிச் சொல்லாதீர்கள். முன்பு யாராவது கை வைத்த காராக இருந்தால் நிறம் பொய் சொல்லும். ரேடியோவின் பின்னால் இருக்கும் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் இரண்டு ஒயரில் 1.5 வோல்ட் கட்டையை ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்தக் கதவில் "டப்" என்று கேட்கிறதோ அந்த ஸ்பீக்கர். வலையைக் கழற்றிப் பார்த்தால் கோன் வெளியே தள்ளும். அப்போது கட்டையின் பிளஸ் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கர் பிளஸ். உள்ளே இழுத்தால் தலைகீழ். இதை எழுதி வையுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

"பேஸ் வருது, ஆனா கனமே இல்ல"

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. பேஸ் பலவீனம் என்றால் பெரிய ஆம்ப், அப்புறம் பெரிய ஊஃபர், அப்புறம் இரண்டு ஊஃபர். ஆனால் இது பெரும்பாலும் சக்தி போதாமையால் வருவதில்லை. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால் வருகிறது.

முதல் சோதனை. லைன் கன்வெர்ட்டரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஆர்சிஏ இரண்டில் ஒன்றைப் பிடுங்குங்கள். பேஸ் குறைந்தால் சரி. பிடுங்கியதும் பேஸ் *கூடினால்*, இடது வலது இரண்டில் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறி இணைக்கப்பட்டிருக்கிறது. பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாகியிருக்கும். மோனோ ஆம்ப் இரண்டையும் கூட்டுகிறது. ஒன்று தலைகீழாக வந்தால் கூட்டல் கழித்தலாகிவிடும், மிஞ்சுவது சக்கை. கட்டையால் அடையாளம் வைத்தீர்களே, அதன்படி அந்தப் பக்கத்து ஒயர் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். ஒரு காசு செலவில்லை.

இரண்டாவது சோதனை ஃபேஸ்: ஊஃபரும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றாகத் தள்ளுகின்றனவா, எதிரெதிராகவா என்பது. ஆம்ப்பில் 0 / 180 சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் ஊஃபரின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டாலும் அதே வேலைதான். 80 ஹெர்ட்ஸ் டோனைப் பாட விட்டு, எல்லாக் கதவையும் மூடி, டிரைவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். சுவிட்சை இன்னொருவர் பின்னாலிருந்து மாற்றட்டும். பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் குனிந்து கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். எந்த நிலையில் உங்கள் சீட்டில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. கதவு ஸ்பீக்கரும் ஊஃபரும் ஒரே நேரத்தில் பாடும் பகுதி 80 ஹெர்ட்ஸ் பக்கம்தான் என்பதால் அந்த டோன்.

பிறகு லோ பாஸ் திருகு, எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் ஊஃபருக்குப் போகாமல் வெட்டுவது என்பதற்கு. 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். 120, 150 என்று ஏற்றினால் பேஸ் கூடியது போலத் தெரியும், ஆனால் பாடகர் குரல் பூட்டிலிருந்து வர ஆரம்பிக்கும். 50க்குக் கீழே இறக்கினால் கதவு ஸ்பீக்கருக்கும் ஊஃபருக்கும் நடுவே பள்ளம் விழும். தவிலில் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போகும்.

எல்லாப் பாட்டிலும் ஒரே "பூம்" வருகிறது, உறுமியும் பேஸ் கிடாரும் ஒரே மாதிரி கேட்கிறது என்றால் அது பெட்டி. 10 அங்குல ஊஃபர்களில் பெரும்பாலானவை மூடிய பெட்டியில் 17 முதல் 28 லிட்டர் கேட்கும். ஊஃபரோடு வந்த தாளில் உள்ள அளவே இறுதி. மூடிய பெட்டியில் காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க, கோனை விரல்களைப் பரப்பி மெதுவாக உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். மெல்லத் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று திரும்பினால் மூலையிலோ முனைத்தகட்டிலோ கசிவு, சிலிகான் போதும்.

"சின்ன சத்தத்துல நல்லா இருக்கு, ஏத்தினா பேஸ் காணாம போகுது"

ஆம்ப்பில் பிழை இல்லை. கம்பெனி ரேடியோ செய்கிற வேலை. கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடக்கூடாது என்று, சத்தம் ஏற ஏற பேஸைத் தானே வெட்டும்படி சில ரேடியோக்களை அமைத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் டோனை வைத்து ஸ்பீக்கர் ஒயரில் ஏசி வோல்ட்டை அளந்துகொண்டே வால்யூமைப் படிப்படியாக ஏற்றினால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்: ஓர் இடம் வரை வோல்ட் ஏறும், அதற்கு மேல் ஏறாமல் நிற்கும், சில ரேடியோவில் இறங்கவும் செய்யும். இதற்குக் கெயினைக் கூட்டுவது மருந்தல்ல. கூட்டினால் சின்ன சத்தத்தில் காது அடைக்கும். பேஸைத் திரும்பச் சரிக்கட்டும் பிராசஸர் போடலாம், அல்லது சப் அவுட் (ஊஃபருக்கெனத் தனி வெளியீடு) உள்ள ரேடியோவுக்கு மாறலாம். இரண்டும் செலவுதான். வால்யூமை அந்த இடத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. பலருக்கு அதுவே போதும்.

"வெளிய நிக்கிறவனுக்குக் கேக்குது, உள்ள இருக்கிற எனக்குக் கேக்கல"

சாகா, பெஸ்ஸா, வியோஸ் மாதிரி தனி பூட் உள்ள கார்களின் குறை. பின்சீட்டைச் சாய்த்துவிட்டுக் கேளுங்கள். பேஸ் சட்டென்று கூடினால் சத்தம் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திருப்பி, ஊஃபர் பின்விளக்குப் பக்கம் பார்க்கும்படி, பூட்டின் பின்தகட்டிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். பிறகு சீட்டை நோக்கி வைத்தும் கேளுங்கள். ஒவ்வொரு காருக்கும் ஒன்று பொருந்தும். மைவி, ஆக்சியா மாதிரி திறந்த பூட் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

"எஞ்சின் போட்டா இரைச்சல்"

எந்த ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று முதலில் காதை வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் "ஈஈஈ" சத்தம் ஐட்லிங்கிலேயே 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், எண்ணெய் மிதிக்க மிதிக்க இன்னும் மேலே போகும். 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய ஊஃபரால் அதைப் பாட முடியாது. ஊஃபரிலிருந்தே அந்தச் சத்தம் வந்தால் ஆம்ப்பின் லோ பாஸ் சுவிட்ச் "ஃபுல்"லில் இருக்கிறது. மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கதவு ஸ்பீக்கரிலிருந்து வந்தால், ஊஃபர் மாட்டும் முன் அது இருந்ததா என்று யோசியுங்கள். போன் சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்குங்கள். போய்விட்டதா, சார்ஜர்தான். போகவில்லை என்றால் கன்வெர்ட்டரின் ஸ்பீக்கர் பக்க ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது, அல்லது ரேடியோவிலிருந்து வரும் ஸ்பீக்கர் மைனஸோடு கன்வெர்ட்டரின் கிரவுண்டை யாரோ சேர்த்துவிட்டார்கள். உடனே ரேடியோவை அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

ஊஃபரில் "உம்ம்" என்ற தாழ்ந்த முனகல், சிக்னல் விளக்குப் போட்டால் "டிக் டிக்" என்றால் கிரவுண்ட் பிழை. ஆம்ப்பில் ஆர்சிஏ இரண்டையும் பிடுங்குங்கள். முனகல் தொடர்ந்தால் ஆம்ப்பின் கிரவுண்ட் அல்லது ஆம்ப். நின்றால் சிக்னல் வழியாக வருகிறது. அப்போது சார்ஜ் போடாத போனை ஆர்சிஏ ஒயர் வழியாக நேராக ஆம்ப்பில் சொருகிப் பாட விடுங்கள். சுத்தமாக இருந்தால் குற்றம் ரேடியோவுக்கும் ஆம்ப்புக்கும் இடையில்தான்.

அந்த இடைவெளியில் பலர் செய்யும் தப்பு, கன்வெர்ட்டரை டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஆர்சிஏவை 4, 5 மீட்டர் இழுப்பது. மாற்றி வையுங்கள்: ஸ்பீக்கர் ஒயரை நீளமாக பூட் வரை கொண்டுவந்து, கன்வெர்ட்டரை ஆம்ப்புக்குப் பக்கத்தில் வைத்து, ஆர்சிஏ அரை மீட்டர் மட்டும். கன்வெர்ட்டரின் கிரவுண்டும் ஆம்ப்பின் கிரவுண்டும் ஒரே போல்ட்டில். பேட்டரி ஒயர் காரின் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறு பக்கம். குறுக்கே போகவேண்டி வந்தால் நேர்க்கோணத்தில் வெட்டட்டும்.

நல்ல கிரவுண்ட் எப்படி இருக்கும்? பெயின்டையும் கீழே இருக்கும் சாம்பல் பூச்சையும் மணல்தாளால் தேய்த்து, காசு அளவுக்கு வெள்ளை இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். வளைய முனை, பல் வாஷர், போல்ட், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். ஒயர் பிளஸ் ஒயரின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அங்கே சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரைக் காக்கும் போல்ட், அதில் கை வைக்காதீர்கள். துளை போடுவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், பல கார்களில் பின்சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க்.

சோதனை: 50 ஹெர்ட்ஸ் டோன் பலமாகப் பாடும்போது ஆம்ப்பின் கிரவுண்ட் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். நீளமான ஒயர் ஒன்று வேண்டும். 0.1 வோல்ட் பக்கம் என்றால் நல்லது, 0.3ஐத் தாண்டினால் மறுபடி தேயுங்கள். டோனைப் பத்து நொடிக்கு மேல் விட வேண்டாம், சுருள் சூடாகும்.

புளூடூத்தில் சுத்தம், மின்னல் எஃப்எம் போட்டால் மட்டும் "ஸ்ஸ்ஸ்" என்றால் அது வேறு. கிளாஸ் டி ஆம்ப் உள்ளே மிக வேகமாக ஆன், ஆஃப் ஆகிறது. அந்தச் சிதறல் ஏரியல் ஒயரில் ஏறுகிறது. ஆம்ப்பையும் அதன் ஒயர்களையும் ஏரியல் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள்.

"பாட்டு கரகரக்குது, வார்னிஷ் வாசனை வருது"

நிறுத்துங்கள். சுருள் வெந்துகொண்டிருக்கிறது. ஆறிய பிறகு கோனைச் சமமாக அழுத்துங்கள். உள்ளே உரசல் கேட்டால் ஊஃபர் முடிந்தது. உரசல் இல்லை, ஓம் சரி என்றால் தப்பித்தது. கெயினைத் திரும்பப் பிடியுங்கள்.

கெயின் வால்யூம் திருகு அல்ல. ரேடியோவின் சிக்னல் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. ஊஃபரைக் கழற்றுங்கள். ரேடியோவில் பேஸ், டிரெபிள் நடுவில், ஆம்ப்பின் பேஸ் பூஸ்ட் பூஜ்ஜியத்தில், கெயின் அடியில். 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு ரேடியோவை முக்கால் வால்யூமில் வையுங்கள். மீட்டர் ஏசி வோல்ட்டில், ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில். வேண்டிய வோல்ட் என்பது வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம்: 4 ஓமில் 250 வாட்டுக்கு 31.6, 150 வாட்டுக்கு 24.5, 100 வாட்டுக்கு 20. ஊஃபர் 150 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) தாங்கும் என்றால் ஆம்ப் 250 ஆனாலும் 24.5ல் நிறுத்துங்கள். அட்டைப்பெட்டியில் போட்ட "1200 வாட் மேக்ஸ்" என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் மட்டும் பேச்சு. கெயினை மெல்லத் திருகி அந்த வோல்ட் வந்ததும் கையை எடுங்கள். ஆம்ப்பின் முழு சக்தியையும் தாண்டித் திருகினால் அலையின் தலை தட்டையாகும். அந்தத் தட்டை அலைதான் சுருளை வேகவைப்பது.

கரகரப்பு கதவு ஸ்பீக்கரில் என்றால், அதற்குப் போகும் பேஸை வெட்டலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் வரிசையாக ஒரு பைபோலார் கெப்பாசிட்டர்: 4 ஓமுக்கு 400 மைக்ரோஃபாரட் என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லக் குறையும், 200 என்றால் 200 ஹெர்ட்ஸ். சிக்னல் எடுக்கும் இடம் கெப்பாசிட்டருக்கு முன்னால், ரேடியோ பக்கம் இருக்க வேண்டும்.

"புரொடெக்ட் விளக்கு சிவப்பா எரியுது"

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மறுபடி ஆன் செய்யுங்கள். சிவப்பு போனால் ஒயரோ ஊஃபரோ ஷார்ட். சீட் தண்டவாளம் நசுக்கிய ஒயரை முதலில் பாருங்கள். இரட்டைச் சுருள் ஊஃபர் என்றால் இணைப்பையும் பாருங்கள்: 4 ஓம் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம், தொடராகச் சேர்த்தால் 8. இரண்டு 2 ஓம் சுருளைப் பக்கவாட்டில் சேர்த்தால் 1 ஓம். பெரும்பாலான சின்ன ஆம்ப்கள் அதைத் தாங்காது. ஸ்பீக்கர் ஒயரும் ஆர்சிஏவும் கழன்ற பிறகும் சிவப்பு போகவில்லை என்றால் ஆம்ப்.

அரை மணி நேரம் பாடிவிட்டு சிவப்பானால் சூடு. நடுமதியம் வெயிலில் நின்ற கார், மேலே கார்ப்பெட் மூடிய ஆம்ப். வேறு காரணம் தேட வேண்டாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஊஃபர் நின்றுபோனால் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏர்கான் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இடது முன்சீட்டுக் காலடியில்தான் ஈரம் சேரும்.

"ஹெட்லைட் மங்குது", "காலையில ஸ்டார்ட் ஆகல"

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நெரிசலில் நிற்கிறீர்கள்: ஐட்லிங், ஏர்கான், ஹெட்லைட், உறுமிப் பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் விளக்கு இமைக்கும். பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் வோல்ட் அளந்து ஒப்பிடுங்கள். பேட்டரியில் 13.8, ஆம்ப்பில் 13.0க்குக் கீழே என்றால் ஒயர் அல்லது கிரவுண்ட் தின்கிறது. இரண்டிலும் சேர்ந்து 12.5க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டர் எட்டவில்லை, அல்லது பேட்டரி கிழடு. பெரிய கெப்பாசிட்டர் வாங்கச் சொல்வார்கள். அது நொடிக்கும் குறைவான நேரம் தாங்கும், இல்லாத மின்சாரத்தை உண்டாக்காது. ஈகோ ஐடில் (நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைப்பது) உள்ள காரில் அதற்கான பேட்டரி வகையைத்தான் போட வேண்டும். மைனஸ் முனையில் சென்சர் இருந்தால் ஆம்ப்பின் கிரவுண்டை நேராக அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள்.

காலையில் பேட்டரி செத்தால் ரிமோட் ஒயர் எப்போதும் உயிருள்ள இடத்தில் மாட்டியிருக்கலாம். சும்மா கிடக்கும் ஆம்ப் 1 ஆம்பியர் இழுத்தால் இரவு 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர் மணி. மைவியின் பழைய அளவு என்எஸ்40 பேட்டரியில் மொத்தமே 35. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரை மணி பொறுத்து, மைனஸ் ஒயருக்கு இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளங்கள். 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போகும்.

"பேஸ் அடிச்சா தடதடங்குது"

பதிவெண் பலகை. அதன் பின்னால் இரட்டைப் பக்க ஸ்பாஞ்ச் டேப். அடுத்து ஸ்பேர் டயர்க் குழியில் உருளும் ஜாக்கியும் வீல் ஸ்பேனாவும், துணியில் சுற்றுங்கள். பிறகு பூட் மேல் தட்டு. 30லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனைப் பாட விட்டு, ஒருவர் கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தால் எங்கே நிற்கிறதோ அங்கே அதிர்வை அடக்கும் பியூட்டில் ஷீட் ஒட்டலாம். லயன் வீட்டு வாசலில் இந்தச் சோதனையைச் செய்தால் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் சேர்ந்து தடதடக்கும். பிழையைக் காரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

"தார் ரோட்டுல பாடுது, தோட்டத்துச் சாலைல விட்டு விட்டு வருது"

செம்பனைக் குலை லோரி ஓடி அலை அலையாகிப்போன செம்மண் சாலையில் ஸ்குரூ எல்லாம் தளரும். ஆம்ப் பாடும்போது ஒவ்வோர் ஒயரையும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல அசையுங்கள். எதில் சத்தம் விட்டுப் போகிறதோ அதுதான். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் அசைத்துப் பார்க்கவே வேண்டாம், வெட்டிப் போடுங்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் கழன்று, செம்பு வெளியே தெரியும். சரியான ஸ்லீவ் வைத்து நசுக்கி, மேலே சுருங்கு குழாய்.

தளர்வு எதுவும் இல்லையா? பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள இரும்புத் தடுப்பு) வரை அந்தப் பிளஸ் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். செம்பனைத் தோட்டத்து எலி ராத்திரி சூடான எஞ்சினில் வந்து படுக்கும், சும்மா படுக்காது. பல் பட்ட இடத்தில் ரப்பர் இரண்டு கோடாக உரிந்திருக்கும். உள்ளே பாதி நூல் அறுந்து பாதி பிடித்திருக்கும், குலுங்கும்போது மட்டும் விட்டுப் போகும். அந்தத் துண்டை டேப் சுற்றிக் காப்பாற்றாமல் முழு ஒயரையும் மாற்றி, பேட்டரியிலிருந்து ஃபயர்வால் வரை நெளிகுழாய்க்குள் விட்டு, ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பியூஸைப் போடுங்கள்.